மல்லாட்டைத் தோல்

விழுப்புரத்தில் வீட்டின் பின்கட்டிலேயே, காற்று மெஷினால் மணலைப் பீய்ச்சி லாரிக் கதவுகளின் பழைய பெயிண்டை உரிப்பது வெங்கடாசலத்தின் தொழில். திண்டிவனம் போய் வந்தவன் அன்று ஒரு மூட்டையை இறக்கினான். மனைவி அம்சவள்ளி பிரித்துப் பார்த்தாள். குருணையாக இடித்த மல்லாட்டைத் தோல்; வேர்க்கடலையின் மேலோடு.

"ஆத்து மணல் குவிஞ்சி கெடக்கு. இது இன்னாத்துக்குங்க?"

"மணல் தூசு நெஞ்சுல தங்கிடும். இனிமே இதுதான்."

"நீங்கதான் மூக்குல துணி கட்டிக்கினு அடிக்கறீங்களே."

"ஊடு பூரா பறக்குதே, அதுக்கு?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து பறக்குது. இதுல பெயிண்டு ஜல்தியா போவாது. லாரிக்காரங்க பேஜாரு பண்ணுவாங்க."

"பண்ணட்டும்."

சாமி மாடத்திலிருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து காட்டினான். காலியாக இருந்தது.

"நேத்துதான் ரொப்பினேன். நான் இட்டுக்கறது நெத்தியில ஒரு கோடு. மிச்சத்தத் தின்னது யாரு?"

அம்சவள்ளி சட்டென்று உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள். மசக்கை தொடங்கியதிலிருந்து நாக்கு அதைத்தான் கேட்டது.

"போன தடவை மாதிரி கலைஞ்சிடுமோன்னு பயம். மூணு மாசம் தாண்டினதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்பவே சொல்லு. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றபடி, வெங்கடாசலம் கிண்ணத்தில் மறுபடியும் திருநீற்றை ரொப்பி வைத்தான்.