பதினோரு சொல்

வாசிப்பைச் சோதிக்க அதிகாரி வரும் நாளில், திக்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு லீவு கொடுத்துவிடுவது இருதயராஜ் வாத்தியாரின் வழக்கம். பாராட்டுப் பத்திரம் அப்படித்தான் வருஷா வருஷம் வந்தது. பெரிய கல்விமான்! இந்தத் தடவை மூன்றாம் வகுப்பு மும்தாஜ், அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்து நின்றாள்.

"நேத்தெல்லாம் படிச்சேன் சார்."

"என் மானத்தை வாங்கவே வந்தியா தாயி?"

அதிகாரி, குதிரைப் பந்தயம் நடத்துகிறவர் மாதிரி செல்போனில் நேரத்தைத் தட்டிவிட்டார்.

"கா... கா... காட்டுக்குள்ளே..."

இரண்டாவது வரியில் ஒரு நிமிஷம் முடிந்தது.

"பதினோரு சொல். அடுத்த பிள்ளை!"

மும்தாஜ் நிமிரவில்லை. அவள் விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. புத்தகத்தை மூடப்போன அதிகாரியின் கையை வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சார். கதையில இன்னும் கரடியே வரல."