கீறல் இல்லாமல்

“ஒரு விஷயம் பேசணும்,” என்றான் விமானி, போர் விமானத்தின் ஏணியில் கால் வைத்தபடி.

“முதல்ல என் விமானத்த ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்,” என்றார் மெக்கானிக்.

சண்டை நேரத்தில் நடக்கிற காரியமா அது? ஒவ்வொரு முறையும் குண்டு துளைத்த இறக்கையோடுதான் திரும்பினான். அவரும் திட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டார். பேச்சு மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

இன்று விமானமே போய்விட்டது. பாராசூட்டில் குதித்துத் தப்பியவனை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். எதிரியின் பீரங்கிக்கு அசராதவன், மெக்கானிக்கைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

“மன்னிச்சிடுங்க, உங்க விமானம்...”

“அது கிடக்கட்டும்.” அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். “உடம்புல எங்கயாவது கீறல் இருக்கா?”

“இல்ல.”

“அப்பப் பேசலாம். என் பொண்ணு விஷயம்தானே, மாப்பிள்ளை?”