டட்டன் வீட்டுப் பாட்டு

தேவாலயத்தில், குரலுக்கு ஒரு பக்கமாக நான்கு பக்கமும் பெஞ்சுகள் சூழ்ந்த சதுரத்தின் நடுவே வந்து நின்ற ஓனீட்டா கிராஃப்ட், “இருநூற்றுப் பதினேழு” என்றாள்.

தாழ்ந்த குரலில் பாடும் ஆல்டோ பெண்களின் முதல் பெஞ்சில் லூடி டட்டனின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

அது டட்டன் வீட்டுப் பாட்டு. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த அலபாமா மலைமேல் வேறு குடும்பத்தார் எவரும் அந்த எண்ணைச் சொல்லிப் பாட்டை நடத்தத் துணிந்ததில்லை.

அதுவும் ஒரு கிராஃப்ட் வீட்டுக்காரி! எந்தச் சுருதியில் தொடங்குவது என்று தாத்தாக்கள் முட்டிக்கொண்ட நாளிலிருந்து, இரு வீட்டுக் கோழி வறுவலும் ஒரே மேசையில் இருந்ததில்லை.

தம்பி ஆர்லிஸாவது எழுந்து மறுப்பான் என்று லூடி பார்த்தாள்.

தடித்த ஆண் குரல்களின் பேஸ் வரிசையில் அந்தத் தலைநரைத்த மடையன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சுருதி விழுந்தது. தேவாலயமே குரலாய் வெடித்தது.

வழக்கப்படி முதல் சுற்றில் சொற்கள் இல்லை. புத்தகத்தில் அச்சான முக்கோணத்துக்கு ஃபா, வட்டத்துக்கு ஸோல், சதுரத்துக்கு லா என்று ஸ்வரக் குறிகளின் பெயர்கள்தான். பலகைத் தரை குதித்தது.

லூடி வாயைப் பூட்டிக்கொண்டாள்.

குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இடம் வந்தது. பேஸ் பாய்ந்தது. டெனர் விரட்டியது. ட்ரெபிள் கூவியது. ஆல்டோ நுழைய வேண்டிய இடத்தில் பெஞ்சு முழுக்க லூடியின் வாயையே பார்த்தது.

பெரிய ஓட்டை.

பாட்டு நொண்டி, உருண்டு, எப்படியோ கரையேறியது. சபை குலுங்கிச் சிரித்தது.

ஓனீட்டாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. சொற்களைத் தொடங்க உயர்த்திய கையோடு திரும்பினாள்.

“நாத்தனாரே, வாயைத் திறங்க! கல்யாணச் சேதியை வீட்டுல சொல்ல உங்க தம்பிக்குத் துணிச்சல் வரல. நீ பாட்டாவே சொல்லிடுன்னுட்டாரு, இந்த வீராதிவீரர்!”

ஆர்லிஸ் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தான். வெளியே தெரிந்த காதுகள் தக்காளியாகச் சிவந்திருந்தன.

லூடி எழுந்தாள். சபை சிரிப்பை விழுங்கியது.

“கையை நல்லா மேல தூக்கும்மா. எங்க வீட்டுக்கு வந்தவ தாளத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.”

கை உயர்ந்தது. சொற்கள் கிளம்பின. துரத்தும் இடம் நெருங்கியது.

வாழ்நாளில் முதல் முறையாக, லூடி டட்டன் ஒரு தாளத்தட்டு முன்னதாகவே பாய்ந்துவிட்டாள்.