சாட்சி சொல்லப் போகும் காலை

கார் கண்ணாடியெல்லாம் பனி. ஊரே தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

"ராத்திரி நீ தூங்கவே இல்லைதானே?" என்றான் வண்டி ஓட்டிய கணவன்.

"நீங்க மட்டும் தூங்கினீங்களாக்கும்! குறட்டையே கேக்கலையே."

இருவரும் சிரித்தார்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒவ்வொரு மருத்துவமனையிலும் சிகிச்சையும் ஆலோசனையும் தரச் சொல்லும் மசோதா, இன்று சட்டமன்றக் குழுவின் முன் வருகிறது. பாதிக்கப்பட்ட ஒருவரே நேரில் பேசினால்தான் குழு அசையும் என்று மசோதாவுக்காகப் போராடும் வக்கீல் சொல்லியிருந்தார்.

"நாக்கு ஒட்டிக்கிட்டா?" என்றான்.

"ஒட்டட்டுமே, தண்ணி இருக்கு," என்று மடியிலிருந்த பாட்டிலைத் தட்டினாள்.

அரங்கில் வெளிச்சம் பாலாகப் பரவியிருந்தது. குரல்களெல்லாம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டன. குழுத்தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. முன்னால வந்து சொல்லுங்க."

"நான் துணைக்கு வந்தவ, ஐயா," என்றாள்.

பக்கத்திலிருந்த கணவன் எழுந்தான்.

"எனக்கு அப்போ பதினோரு வயசு," என்று தொடங்கினான். "பையனுக்கு அப்படியெல்லாம் நடக்காதுன்னு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. நாளைக்கு இன்னொரு பையன் வந்து நின்னா, உங்க சட்டம் அவனை எங்கய்யா அனுப்பும்?"

தலைவர் தாமே எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்கார்ந்து நிதானமா சொல்லுங்க, தம்பி."