ஒரே ஆட்டம்

“யார் ஜெயிக்கிறாங்களோ, நான் அவங்ககூடப் போறேன்,” என்றாள் வாலு. “ஒரே ஆட்டம். அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

வாலுவுக்குப் பதினொரு வயது. அவள் பண்ணிய சேட்டைக்கு அப்பா வைத்த பெயர் அது. ஒரு மாதமாக வக்கீல் அறையிலும், மாமா முன்னிலையிலும், மாடிப்படியில் நின்றுகொண்டும்கூட அம்மா “என் பொண்ணு என்கூடத்தான்” என்பாள். அப்பா “உயிரே போனாலும் விட மாட்டேன்” என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இப்படி அடித்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கிற பிள்ளை வகுப்பிலேயே அவள் ஒருத்திதான்.

பிள்ளை யாரோடு என்று நாலு மணிக்குள் பெயரைச் சொல்லுங்கள், விவாகரத்துக் காகிதத்தில் அந்த ஒரு இடம்தான் காலி என்று வக்கீல் போனில் சொல்லிவிட்டார். “நீயே சொல்லேன்” என்று இருவரும் அவளைக் கேட்டார்கள். யார் பெயரைச் சொன்னாலும் மற்றவர் உடைந்துபோவாரே என்று பயந்துதான் அவள் சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள்.

வீட்டுக்குள் மிச்சமிருந்தது சாப்பாட்டு மேஜையும் மூன்று நாற்காலியும்தான். மற்றவையெல்லாம் இரண்டு வண்டிகளில் ஏறி வாசலில் நின்றன. வாலுவின் கட்டில் மட்டும் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் நடையில் சாய்ந்து கிடந்தது.

அந்தச் சீட்டுகள் அப்பாவே சட்டைப் பெட்டி அட்டையை வெட்டிச் செய்தவை. பத்து என்று எழுதியவை பத்து சீட்டு, ஒன்பது என்று எழுதியவை ஒன்பது, இப்படியே இறங்கி ஒன்று என்பது ஒரே ஒரு சீட்டு. இழுக்க இழுக்க எண்கள் கூடும், கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருக்கு ஜெயம். கையில் இருக்கிற எண்ணே மறுபடி வந்துவிட்டால் மொத்தமும் பூஜ்யம். அதில் ஒரு பத்தை வாலு கைக்குழந்தையாக இருந்தபோது கடித்து மூலையைப் பிய்த்து வைத்திருந்தாள். கவிழ்த்து வைத்தாலும் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். “பல் சீட்டு மேல வந்துடுச்சுடோய்!” என்று மூவரும் அந்த மேஜையில் கூவாத ஞாயிறு கிடையாது.

ஜெயிக்கிற சூட்சுமத்தையும் அப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். “கையில சின்ன எண்ணா இருந்தா தைரியமா இழு. பத்து இருந்தா அடக்கி வாசி. கட்டுல ஜாஸ்தி இருக்கிறதே அதுதான், காலை வாரிடும்.”

வாலு கலைத்துப் போட்டாள். ஆளுக்கு இரண்டு சீட்டு திறந்து வைத்தாள். அம்மாவுக்கு ஏழும் நாலும். அப்பாவுக்குப் பத்தும் ஒன்றும்.

“பதினொண்ணுக்குப் பதினொண்ணு!” என்று துள்ளினாள். “ரெண்டு பேரும் இப்படியே நின்னுட்டா மறுபடி ஆடணும். அம்மா, நீதான் முதல்ல.”

கவிழ்த்து வைத்திருந்த சீட்டுக்கட்டை அம்மா பார்த்தாள். “எனக்குப் போதும்.”

“என்னம்மா நீ! ஏழும் நாலும் ஒரு எண்ணா? ஒண்ணே ஒண்ணு இழுத்தா என்னவாம்?”

“பயமா இருக்குடி. உன்னை வெச்சு ஆடுற ஆட்டம். கை வர மாட்டேங்குது.”

வாலு சீட்டுக்கட்டைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் சீட்டுக்கட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு இன்னொண்ணு,” என்றார்.

“அப்பா, கையில பத்து இருக்கு! அடக்கி வாசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? நின்னுட்டீங்கன்னா இன்னொரு ஆட்டம் கிடைக்கும்!”

“உனக்காக ஆடுறப்போ கணக்குப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா கண்ணு? துணிஞ்சு இழுக்க வேண்டியதுதான்.”

பயப்பட வேண்டாத இடத்தில் அம்மா பயந்தாள். பயப்பட வேண்டிய இடத்தில் அப்பா துணிந்தார். பாசம் தலைக்கேறினால் பெரியவர்களுக்கும் ஆட்டம் மறந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டாள் வாலு. இரண்டு பேர்மேலும் அவளுக்கு அப்படியொரு பிரியம் பொங்கியது.

அப்பா இழுத்துப் போட்டார். பத்து.

“போச்சு!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “என் தலையெழுத்து, வேற என்ன சொல்ல? அம்மாகூட சமத்தா இருக்கணும், சரியா?” சொல்லி முடிப்பதற்குள் வண்டிச் சாவி கைக்கு வந்துவிட்டது.

ஜெயித்த அம்மா சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போய், “இன்னும் ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கலாமே?” என்றாள்.

“ஒரே ஆட்டம்னுதானே பேச்சு?” நடையில் கிடந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு அப்பா வாசலைப் பார்த்து நடந்தார்.

தோற்றவருக்காக இப்படி இரக்கப்படுகிறாளே, அம்மாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு! வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுகளை அடுக்கினாள். கடைசியாக அப்பா இழுத்துப் போட்ட பத்தை எடுத்தபோது, மூலையில் இருந்த பள்ளத்தில் அவளுடைய கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

அம்மா ‘போதும்’ என்றபோது மேலே இருந்தது இந்தச் சீட்டுதான், இழுத்திருந்தால் இருபத்தொன்று. அப்பா ‘இன்னொண்ணு’ என்று கேட்டு வாங்கியதும் இதே சீட்டுதான்.

அவள் அதை உயர்த்திப் பிடித்தாள். வாசற்படியில் அப்பா நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பல் சீட்டு. ரெண்டு பேருமே பாத்தீங்கதானே?”