முட்டிக் காட்டு கண்ணு

ஒரு பட்டியில் சுட்டி என்றொரு வெள்ளாடு இருந்தது. அதன் கிடாக்குட்டி, கொம்பு முளைக்காத தலையால் முதன்முதலாக அம்மாவின் வயிற்றில் முட்டியபோது சுட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டியில் இருந்த ஆடுகளையெல்லாம் கூப்பிட்டு, "இன்னொரு தடவை முட்டிக் காட்டு கண்ணு" என்று கேட்டு வாங்கி ரசித்தது.

குட்டிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முட்டினால் அகத்திக்கீரை கிடைத்தது. முட்டாமல் சும்மா நின்ற நாட்களில் அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொம்பு அரும்பிய மாதம் அது முட்டியதில் அதே பட்டியிலிருந்த ஒரு செம்மறியின் குட்டி கால் நொண்டியது. செம்மறி வந்து முறையிட்டது.

"சின்னப் பிள்ளைதானே அக்கா, வளர்ந்தா சரியாப் போயிடும்" என்றது சுட்டி.

வளர்ந்தது. கொம்பும் கூடவே வளர்ந்தது. ஒருநாள் கீரை வரத் தாமதமானதும், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பின்னாலிருந்து முட்டித் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. சுட்டிக்கு முதலில் வலித்தது, பிறகு பயமாக இருந்தது. மகனை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சொட்டச் சொட்ட எழுந்து, கைகொடுக்க ஓடிவந்த செம்மறியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"தங்கமான பிள்ளைக்கா இவன். உங்க குட்டியோட சேர்ந்துதான் இப்படிக் கெட்டுப்போயிட்டான்."