சோதனை எண்

ஜார்ஜ்டவுன் லெபோ பந்தாய் தெருவில், நிறுவனங்களுக்கு இணையவழி அழைப்புச் சேவை அமைத்துத் தரும் அலுவலகத்தில் ஜெகதீஸ்வரிக்கு வேலை. காலையில் வந்ததும் சோதனை எண்ணை அழைப்பாள். நாம் பேசியது ஐந்து விநாடி கழித்து நம் குரலிலேயே திரும்பி வரும். மற்றவர்கள் "ஹலோ, ஒன்னு, ரெண்டு" என்பார்கள். அவள் மட்டும் "சாப்டாச்சா?" என்று கேட்பாள். போன் பேசினால் அதைத்தானே கேட்போம் என்பாள். கேள்வி திரும்பி வந்ததும் "லைன் ஓகே" என்று சொல்லித் துண்டிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை, அவள் குரலில் "சாப்டாச்சு" என்று பதில் வந்தது.

பக்கத்து மேசை ஷஃபீக்கைக் கூப்பிட்டாள். அவன் "ஹலோ" என்றான். "ஹலோ" என்றே திரும்பி வந்தது.

"நல்லாத்தான் இருக்குலா, அக்கா. நீங்க பசியில இருக்கீங்க."

மறுநாள் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டே வந்தாள். எண்ணை அழைத்தாள். அவள் பேசுமுன் ஹெட்போனில் அவள் குரல் கேட்டது.

"சாப்டாச்சா?"

சாப்பிட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். சரியாக ஐந்து விநாடி கழித்து அவள் வாய் தானாகத் திறந்தது.

"சாப்டாச்சா?" என்றாள்.

"லைன் ஓகே" என்று சொல்லிவிட்டு, ஹெட்போனில் இருந்த குரல் அழைப்பைத் துண்டித்தது.